ஹெரால்டு ஸ்டியரிங்கில் 'டொக்' சத்தம்: ஸ்பானரை எடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒரு 'டொக்'. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் இன்னொரு 'டொக்'. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இந்தச் சத்தம் கேட்கும். உடனே வண்டி பட்டறைக்குப் போகும், "ரேக் போயிடுச்சு" என்று சொல்வார்கள், எங்கெங்கோ தேடி ஒரு ரேக் (ஸ்டியரிங் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல் வெட்டிய தண்டு) வாங்கி மாட்டுவார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். ஹெரால்டில் ரேக்கின் பற்கள் தேய்ந்து சத்தம் வருவது குறைவு. ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர், சக்கரத்தைத் தாங்கும் மூட்டு, ஏதோ ஒரு புஷ் (மூட்டுக்குள் இருக்கும் உறை) என்று பெரும்பாலும் சின்னப் பொருளில்தான் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம் எந்த இடத்தில் என்று கையால் தொட்டு உறுதி செய்யாமல் எதையும் கழற்றாதீர்கள். நான் சொல்ல வருவது முழுக்க இதுதான்.

இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த வடிவம். 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதை இங்கே செய்தது. பாடி தனி, சேஸிஸ் தனி, இரண்டையும் போல்ட்டால் இணைத்திருப்பார்கள். அதனால் ஒரு மூலையில் பிறக்கும் சத்தம் சேஸிஸ் இரும்பு வழியாக ஓடி வேறு மூலையில் கேட்கும். இடது சக்கரத்தின் ஆட்டம் வலது காலடியில் தட்டுவதுபோல் தெரியும். காதை மட்டும் நம்பித் தேடுவதுதான் முதல் தவறு. ஆட்டம் இருக்கும் மூட்டில் விரலை வைத்தால் அந்தத் தட்டல் விரலிலேயே தெரியும். சத்தம் நம்மை ஏமாற்றும், விரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது.

ஜாக்கியில் தூக்கி மட்டும் பார்ப்பது

பட்டறையில் வழக்கமாக முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பாரம் இல்லாதபோது ஸ்டியரிங் மூட்டுகள் அமைதியாக இருக்கும். டயர் தரையில் பதிந்து, அதைத் திருப்ப வேண்டிய எதிர்ப்பு இருக்கும்போதுதான் ரேக்கும் டை ராடும் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) தங்கள் குறையைக் காட்டும். எனவே முதல் சோதனை தரையிலேயே நடக்கட்டும்.

இதற்கு ஹெரால்டைவிட வசதியான வண்டி கிடையாது. பானெட்டோடு இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரை உள்ளே உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சமாக, ஆனால் வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்து வாருங்கள். முதலில் ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் ரப்பர் கப்ளிங். அதன் மேல்பக்கம் திரும்பிய பிறகு கீழ்ப்பக்கம் தாமதமாகத் திரும்பினால், ரப்பர் கிழிந்திருக்கிறது அல்லது அங்குள்ள போல்ட் தளர்ந்திருக்கிறது. ஸ்பானரை ஒரு சுற்று சுற்றினாலே முடியக்கூடிய இந்த வேலையைப் பார்க்காமல் ரேக்கை இறக்கியவர்கள் நிறைய.

அடுத்து ரேக் குழாய். ஹெரால்டில் ரேக்கை நேரடியாக இரும்போடு இறுக்கியிருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் வைத்து அதன்மேல் யூ போல்ட் போட்டிருப்பார்கள். எஞ்சினின் முன்பக்க டைமிங் கவரில் கசியும் ஆயில் அந்த ரப்பரில் இறங்கி, வருடக்கணக்கில் ஊற வைத்து, அதைக் கூழாக்கிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சக்கரம் திரும்புவதற்கு முன்பே மொத்த ரேக்கும் பக்கவாட்டில் நகர்ந்து 'டொக்' என்று முட்டும். ரப்பர் லேசாக அமுங்கி விடுவது இயல்பு. குழாய் தன் இடத்தைவிட்டு நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் சத்தத்தின் பிறப்பிடம் அதுதான்.

இங்கே செய்யும் தவறு, யூ போல்ட்டை இன்னும் இறுக்குவது. சிலர் பழைய டியூபை வெட்டி ரப்பருக்கு அடியில் சொருகுவார்கள். கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் பழையபடி தட்டும். ரப்பரை மாற்றுங்கள், மாற்றும்போதே ஆயில் கசிவையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் புது ரப்பரும் அதே வழியில் போகும். ரப்பருக்குப் பதில் அலுமினியக் கட்டை போடுபவர்களும் உண்டு. ஸ்டியரிங் கூர்மையாகும், உண்மைதான். ஆனால் சாலையின் ஒவ்வொரு குழியும் கையில் வந்து அடிக்கும். பந்தயத்துக்கு இல்லாமல் சாதாரணமாக ஓட்டும் வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

ரேக்கின் டாம்பரை இறுக்கிச் சத்தத்தை அடக்குவது

இது நல்ல மெக்கானிக்குகளும் செய்யும் தவறு. ரேக்கைத் தள்ளும் பல்சக்கரமான பினியனுக்கு எதிரே ஒரு ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் ரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும். அதன் இறுக்கத்தை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். ஒரு ஷிம்மை எடுத்துவிட்டு மூடியை இறுக்கினால் சத்தம் நின்றுவிடும். ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது, அதனால் ரேக்கின் நடுப்பகுதிதான் தேயும். ஓரங்கள் புதிதுபோலவே இருக்கும். தேய்ந்த நடுப்பகுதிக்கு ஏற்ப இறுக்கினால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஓரத்தில் இறுகிப் பிடிக்கும். திருப்பம் முடிந்து தானாக நேருக்கு வர வேண்டிய ஸ்டியரிங் வராமல் நிற்கும். சத்தத்தைவிட ஆபத்தான நிலை அது. ஷிம்மைத் தொட்டால், ஒரு லாக்கிலிருந்து (ஸ்டியரிங் திரும்பும் கடைசி எல்லை) மறு லாக் வரை திருப்பிப் பார்த்து, எங்கும் பிடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

ரேக்கில் கிரீஸ் கன்னால் நிறையக் கிரீஸ் அடிப்பதும் வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறி இரண்டு பக்க ரப்பர் உறையும் பிதுங்கும், கிழியும். பிறகு தூசியும் தண்ணீரும் உள்ளே போகும்.

சக்கரத்தின் ஆட்டத்தைத் தவறாகப் படிப்பது

தரைச் சோதனையில் எதுவும் சிக்கவில்லை என்றால் இப்போது தூக்கலாம். கீழ் விஷ்போனின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) வெளி முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் சஸ்பென்ஷன் ஓடும் நிலையிலேயே இருக்கும், மூட்டின் மேல் இருக்கும் பாரமும் போய்விடும். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்டு ஆகாது, திடீரென்று நொறுங்கும்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், அப்புறம் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு எண்டையோ ரேக்கின் உள் மூட்டையோ பாருங்கள். மேல் கீழாக ஆடினால் வீல் பேரிங், மேல் பால் ஜாயின்ட், கீழ் ட்ரன்னியன் (சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடி மூட்டு) மூன்றில் எதுவும் இருக்கலாம். இங்கேதான் பலர் பேரிங் நட்டை முடிந்தமட்டும் இறுக்குவார்கள். கோன் வடிவ ரோலர் பேரிங் அப்படி இறுக்கினால் சூடேறிக் கருகும். நட்டை லேசாக இறுக்கி, நட்டின் ஒரு பட்டை அளவு பின்வாங்கி, புது ஸ்பிளிட் பின் போடுவதுதான் முறை.

பேரிங்கா, ட்ரன்னியனா என்று பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் அது பேரிங். பிரேக் மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது ட்ரன்னியன்.

ட்ரன்னியனில் கிரீஸ் அடிப்பது

இத்தனை தவறுகளில் உயிருக்கு மிகவும் ஆபத்தானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கல ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை சுழல்கிறது. முழு லாக்கில் வெறும் 25 அடி வட்டத்தில் திரும்பும் வண்டி இது. அப்படியானால் அந்த மரை எவ்வளவு தூரம் சுழல வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குத் தர வேண்டியது கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில். ஈ.பி. 90 போதும். கிரீஸ் மேலே கொஞ்சம் தங்கிக் காய்ந்து கட்டியாகிவிடும், அடி மரைக்குப் போகாது. மழைத் தண்ணீர் போகும். உள்ளே துரு பிடித்து, தண்டு மெலிந்து, ஒருநாள் மரை தொடங்கும் இடத்தில் முறிந்துவிடும். முறிந்தால் சக்கரம் மடங்கி வண்டிக்கு அடியில் போய்விடும். நிறுத்தும் இடத்தில் முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முறிந்தால் சேதம் மட்கார்டோடு போகும், நெடுஞ்சாலையில் முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரீஸ் ஏற்றும் முனைபோல் இருக்கும் நிப்பிளைப் பார்த்ததும் கை தானாகக் கிரீஸ் கன்னைத் தேடும். அதற்கென்று தனியாக ஆயில் நிரப்பிய கன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆயில் கசிந்து வரும்வரை அடியுங்கள்.

ட்ரன்னியனில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் தண்டைக் கழற்றி மரையைச் சுத்தம் செய்து பாருங்கள். குழி குழியாக அரித்திருந்தால் அந்தத் தண்டை மறுபடி போடாதீர்கள். இடது, வலது ட்ரன்னியன்களின் மரை எதிரெதிர் திசையில் இருக்கும், ஒன்றுக்கொன்று மாற்றி வாங்கிவிடக் கூடாது. ட்ரன்னியனின் குறுக்கே போகும் போல்ட்டும் அதன் இரும்புக் குழலும் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் அடித்தே ஆக வேண்டும் என்று முரண்டு பிடிக்காமல் ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுங்கள். பழைய நைலான் புஷ்ஷும் அப்போது கையோடு போய்விடட்டும்.

ஸ்டியரிங்குக்குச் சம்பந்தமே இல்லாத சத்தங்கள்

பானெட்டின் இரு பக்கக் கொக்கிகள் தளர்ந்தால் ஒவ்வொரு குழியிலும் பானெட் சேஸிஸில் தட்டும். ஸ்டியரிங் அடியில் தட்டுவதுபோலவே கேட்கும். ஓடும் வண்டியில் இதைச் சோதிக்க முடியாது. நிறுத்திவிட்டு பானெட்டின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி அசைத்துப் பாருங்கள். பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட், ஷாக் அப்சார்பரின் மேல் ரப்பர், எஞ்சின் மவுண்டிங், வீல் நட் இவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கிளட்ச் விடும்போது மட்டும் தட்டினால் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள், ஸ்டியரிங்கை விடுங்கள்.

விஷ்போன் புஷ் மாற்றினால் அதன் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கொஞ்ச நாளில் கிழியும், சத்தம் திரும்பி வரும். தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, ஆட்கள் உட்கார்ந்த பாரம் கொடுத்து, அதன் பிறகு இறுக்குங்கள்.

நான்கைந்து பொருட்களை ஒரே நேரத்தில் மாற்றவும் வேண்டாம். சத்தம் போனாலும் எது காரணம் என்று தெரியாது. புதிதாக வாங்கும் பொருளிலேயே ஆட்டம் இருக்க வாய்ப்புண்டு, அப்போது குழப்பம் இன்னும் கூடும். ஒன்றை மாற்றுங்கள், அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது.

வீல் அலைன்மென்ட் கடைசியில்தான். ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் பார்த்தால் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. எல்லாம் மாற்றி முடித்த பிறகு அதைச் செய்துவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டையும் டை ராடு லாக் நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள். புது ரப்பர் அமர்ந்ததும் அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும்.