லிப்பிட் சுமக்கும் புரதமும் மைட்டோகாண்ட்ரியாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்லுக்குள் எதையும் நுண்பைகளில் கட்டி அனுப்பிவிடலாம் என்ற படம் பலர் மனதில் பதிந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா விஷயத்தில் அந்தப் படத்தை முதலில் அழியுங்கள். அதன் சவ்வுகளுக்கு வேண்டிய லிப்பிடுகளில், அதாவது கொழுப்பு வகை மூலக்கூறுகளில், பெரும்பங்கு செல்லுக்குள் வலைபோல் விரிந்த எண்டோபிளாச வலை என்ற சவ்வு அமைப்பில் தயாராகி, அந்த வலையின் சவ்வும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வும் 10 முதல் 30 நானோமீட்டர் வரை நெருங்கி நிற்கும் இடங்களில், புரதங்கள் வழியாகக் கைமாறுகிறது.

சரி, வெளிச்சவ்வுக்கு வந்துவிட்டதே, வேலை முடிந்ததா? இல்லை, பாதி தூரம்தான். மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்ளே இன்னொரு சவ்வு உண்டு; அந்த உட்சவ்வை மடிப்பு மடிப்பாக வைத்திருக்க உதவும் கார்டியோலிப்பின் என்ற லிப்பிட் அங்கேதான் தயாராகிறது. அதற்கான மூலப்பொருள் பாஸ்பாடிடிக் அமிலம் என்ற இன்னொரு லிப்பிட். இரு சவ்வுகளுக்கும் இடையில் இருப்பதோ நீர், லிப்பிடின் எண்ணெய்த்தன்மையுள்ள வால்கள் அதில் தனியே நீந்த முடியாது. ஈஸ்டில் யுபிஎஸ்1 என்ற புரதம் பாஸ்பாடிடிக் அமிலத்தைத் தன் குழிக்குள் வைத்து மூடிச் சுமக்கிறது, மனிதரில் அந்த வேலை பிரெலிட்1 உடையது.

"அப்படியானால் இந்தப் புரதம் கூடக்கூட நல்லதுதானே" என்று நினைப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. யுபிஎஸ்1 தனியாக நிற்கவே முடியாது, எம்டிஎம்35 என்ற துணைப் புரதம் கூட இல்லாவிட்டால் புரதம் அறுக்கும் நொதிகள் அதை வெட்டிப்போட்டுவிடும். சவ்வைத் தொடும்போது துணையை விட்டுப் பிரிகிறது, சுமையை இறக்கியபின் மறுபடி சேர்ந்துகொள்கிறது. உட்சவ்வில் கார்டியோலிப்பின் மிகுந்துவிட்டால் யுபிஎஸ்1 அதிலேயே ஒட்டிக்கொண்டு திரும்ப வராமல் சிதைந்துபோகும், அதனால் பாஸ்பாடிடிக் அமிலத்தின் வரத்தும் குறையும். தன் வேலையின் பலனே தனக்குக் கடிவாளம் என்ற இந்த ஏற்பாடு அழகானது, அளவு மீறாமல் பார்த்துக்கொள்வதும் இதுதான்.

அப்புறம், கார்டியோலிப்பின் குறைந்ததும் போக்குவரத்தைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். பார்த் நோய் என்ற மரபுவழி நோயில் கார்டியோலிப்பின் குறைகிறது, ஆனால் பழுது டஃபாசின் நொதியில், அது கார்டியோலிப்பினின் கொழுப்பமில வால்களை மாற்றியமைக்கும் நொதி, சுமக்கும் புரதம் அல்ல.

ஈஸ்டில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஒட்டுவதும் வேண்டாம். எண்டோபிளாச வலையையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இணைக்கும், 2009-இல் ஈஸ்டில் கண்டறியப்பட்ட எர்மெஸ் கூட்டுப்புரதம் விலங்கு செல்களில் கிடையாது, அங்கே விபிஎஸ்13 குடும்பம் போன்ற நீளமான பாலப் புரதங்கள் இருக்கின்றன.

கடைசியாக, ஒரு புரதம் இரு சவ்வுகளும் நெருங்கும் இடத்தில் தெரிகிறது என்பதாலேயே அது லிப்பிட் சுமக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். வெறுமனே இரண்டையும் பிடித்துக் கட்டி நிற்கலாம். லிப்பிட் பிடிக்கும் குழியை மட்டும் கெடுத்து, சவ்வுகளைக் கட்டும் பிடிப்பை விட்டுவைத்த திரிபு ஒன்றைச் செல்லில் வைத்துப் பார்த்தால்தான் அது சுமையாளா, வெறும் கயிறா என்பது தெரியும்.