ஒரே டிஸ்டில்லரி, மூன்று பாட்டில்: இண்டிபென்டென்ட் மால்ட்களை ஒப்பிட்டு ருசிப்பது எப்படி?

ஸ்காட்லாந்தில் டிஸ்டில்லரிகளிடமிருந்து (விஸ்கி காய்ச்சும் ஆலைகள்) மால்ட் விஸ்கியை வாங்கி, தங்கள் சொந்த லேபிளில் அடைத்து விற்கும் நிறுவனங்கள் பல உண்டு. இவர்களைத்தான் இண்டிபென்டென்ட் என்கிறோம். கேடன்ஹெட் 1842இலும், எல்ஜின் நகரின் கார்டன் அண்ட் மெக்ஃபெயில் 1895இலும், சிக்னடரி 1988இலும் தொடங்கியவை. இவர்களின் பாட்டில்களை எப்படி ஒப்பிடுவது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரே டிஸ்டில்லரியைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்தது, புகை மணமுள்ள விஸ்கிக்குப் பேர்போன ஐலா தீவின் கல் ஈலா. டிஸ்டில்லரியே வெளியிடும் 12 வருடம் (ஆல்கஹால் 43%), இண்டிபென்டென்ட் ஒன்று ரீஃபில் ஹாக்ஸ்ஹெட் பீப்பாயிலிருந்து (46%), இன்னொன்று ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் பீப்பாயிலிருந்து காஸ்க் ஸ்ட்ரெங்த்தில், அதாவது தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த பலத்திலேயே (58%). ஹாக்ஸ்ஹெட் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். ஷெர்ரியின் பெரிய பீப்பாயான பட் 500. ரீஃபில் என்றால் ஏற்கெனவே விஸ்கி இருந்த பீப்பாய். மரத்தின் ருசி அடங்கியிருக்கும் என்பதால், டிஸ்டில்லரியின் குணம் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

கிளாஸ் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை: வாய் குறுகிய கிளென்கேர்ன் கிளாஸ்தான். அகலமான டம்ளரில் மணம் பறந்துவிடும். ஐஸ் வேண்டாம்.

ஒவ்வொன்றிலும் 20 மி.லி. ஊற்றி, தண்ணீர் விடாமல் முகர்ந்து குறிப்பெழுதுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். முதல் தடவை நான் 58%-ஐயும் 43%-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ருசித்தேன். ஷெர்ரி பீப்பாய்க்கு "வெறும் எரிச்சல்" என்று எழுதிவிட்டேன். மறுவாரம் மூன்றையும் ஒரே பலத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால், அதே விஸ்கியில் புகைக்கு அடியில் உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும். அன்று நான் ஒப்பிட்டது ஆல்கஹாலைத்தான், விஸ்கியை அல்ல.

கணக்கு எளிது. விஸ்கியின் அளவை அதன் சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுங்கள். வருவது தண்ணீரோடு சேர்ந்த மொத்த அளவு. 20 × 58 ÷ 43 = 27. அப்படியென்றால் 7 மி.லி. தண்ணீர் சேர்க்க வேண்டும். 46%-க்கு ஒன்றரை மி.லி.க்குச் சற்றுக் குறைவு. ஸ்பூனில் அளக்காதீர்கள், மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் பொறுங்கள். விட்டதும் மணம் கலைந்து கிடக்கும், பிறகுதான் நிதானத்துக்கு வரும்.

அப்புறம், எது எதென்று உங்களுக்குத் தெரியாதபடி, வீட்டில் யாரையாவது கிளாஸ்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். விளக்கையும் குறையுங்கள். அடர்ந்த நிறத்தைப் பார்த்ததுமே மனம் "பழையது" என்று முடிவு கட்டிவிடும். ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது, அதனால் நிறத்தை நம்பிப் பயனில்லை.

மூன்று கிளாஸோடு நிறுத்துங்கள். நான்காவதுக்குள் புகை நாக்கை மூடிவிடும்.

பின்சேர்க்கை: தண்ணீர் விட்டதும் விஸ்கி கலங்கிவிட்டது, கெட்டுவிட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் தங்கியிருக்கும். பலம் 46%-க்குக் கீழே இறங்கும்போது அவை பிரிந்து புகைபோலத் தெரியும். தாராளமாகக் குடிக்கலாம்.

இன்னொரு கேள்வி: பாதி காலியாகி மாதக்கணக்கில் இருந்த பாட்டிலைப் புதிதாகத் திறந்ததோடு ஒப்பிடலாமா? வேண்டாம். காற்றுப் பட்டு ருசி மாறியிருக்கும். மூன்றையும் ஒரே வாரத்தில் திறந்துகொள்ளுங்கள்.