மாடித்தோட்டத்துக்குத் தேனீயை மணத்தால் வரவழைக்க

பூசணியில் பூ நிறைய வருகிறது, பிஞ்சுதான் மஞ்சளாகி உதிர்கிறது என்று யார் வந்து கேட்டாலும் நான் உரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. காலை ஆறு மணிக்கு மாடி ஏறி ஒரு பூவை முகர்ந்து பாருங்கள் என்பேன். பூசணிப் பூ விடியலில் விரிந்து உச்சிவெயிலுக்குள் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்க்கத் தேனீ வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது. நம் மூக்குக்கு லேசாகத் தெரிகிற மணம், உணர்கொம்பால் முகரும் தேனீக்கு நன்றாகவே எட்டும்.

மணம் வீசுவது செடிக்குச் செலவு. அதனால் பல பூக்கள் தனக்கு வேண்டிய பூச்சி நடமாடும் நேரத்தில்தான் அதிகம் மணக்கும். மதுரைக்காரியான நான் மல்லியைக் குறை சொல்வேனா? ஆனாலும் தேனீக்கென்று மல்லி வைக்காதீர்கள். அது சாயங்காலம் மலர்ந்து இரவில் மணப்பது. தேனீ அதற்குள் கூடு திரும்பியிருக்கும். சுரையும் பீர்க்கும்கூட மாலையில் பூப்பவைதான். அவற்றில் காய் பிடிக்காவிட்டால் அந்திநேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிடுங்கள்.

பூசணிக்குப் பக்கத்தில் துளசி, திருநீற்றுப்பச்சிலை, கொத்தமல்லி வையுங்கள். கிள்ளிக்கொண்டே இருந்தால் பயனில்லை, கதிரும் பூவும் வர விடுங்கள். ஒரே செடியை நாலைந்து தொட்டிகளில் சேர்த்து வைப்பதுதான் முக்கியம். தேன் எடுத்துப் போகும் தேனீயின் உடம்பில் அந்தப் பூவின் வாசனை ஒட்டியிருக்கும். கொண்டுபோகும் தேனிலும் இருக்கும். கூட்டில் உள்ளவை அதை முகர்ந்து பழகி, அதே வாசனையைத் தேடிக் கிளம்பும். மாடிக்கு ஒரு தேனீ வந்துவிட்டால் அதன் பின்னால் நாலு வரும் என்பது இதனால்தான்.

தேனீப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. காம்பும் பச்சைப் பகுதியும் நீக்கிய பூசணி ஆண் பூக்களைச் சர்க்கரைப்பாகில் சில மணி நேரம் ஊறப்போட்டு, வடிகட்டி, இரவில் பெட்டிக்குள் வையுங்கள். மறுநாள் அந்த மணத்தைத் தேடிப் போக வாய்ப்பு அதிகம். தேனீ ஆராய்ச்சிக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃப்ரிஷ், வேறு பயிர்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்.

பூத்திருக்கும் கொடியில் காலையில் வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால் சாயங்காலம், பூவில் படாமல் இலைக்கு மட்டும். வீடு பஸ் போகிற ரோட்டோரம் என்றால் பூச்செடிகளைப் பின்பக்கம் தள்ளி வையுங்கள். டீசல் புகை சில பூமணப் பொருள்களையே சிதைத்துவிடும்.

தக்காளிக்கும் கத்தரிக்கும் மட்டும் இந்த வேலையெல்லாம் செல்லாது. அந்தப் பூக்களில் தேனே இல்லை. மகரந்தமும் குழலுக்குள் அடைபட்டுக் கிடக்கும். கருவண்டு (மரத்தைத் துளைக்கும் பெரிய கறுப்புத் தேனீ இனம்) வந்து தன் உடம்பை அதிரவைத்து உதிர்க்க வேண்டும், பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீக்கு அது வராது. வண்டு வராத மாடியில், காலை வெயில் ஏறியதும் பூங்கொத்தை விரலால் இரண்டு சுண்டு சுண்டிவிடுங்கள். தக்காளிக்கு அது போதும்.