பெயர் தெரியாத மாத்திரை

மழைக்காலம் வந்துவிட்டால் ரங்கூன் மருந்துக் கடைகளில் கூட்டம் குறையாது. "ரெண்டு நாளா காய்ச்சல், தொண்டை வலி" என்று சொன்னால் போதும். கடைக்காரம்மா நாலைந்து அட்டைகளை எடுத்து, கத்தரியால் ஒவ்வொரு மாத்திரையாக நறுக்கி, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். பர்மியில் இதை 'ஸே ஸாட்' என்பார்கள், கலப்பு மருந்து. ஒரு பாராசிட்டமால், சளிக்கு ஒன்று, பல நேரம் ஒரு ஆன்டிபயாடிக், சில சமயம் ஸ்டீராய்டும் உண்டு. நறுக்கிய துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது.

என் அம்மாவுக்கு அப்படி ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அன்று இரவே உடம்பெல்லாம் தடித்துவிட்டது. டாக்டரிடம் ஓடினோம். "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். "பாதி சிவப்பு, பாதி மஞ்சள்" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கு எந்த மருந்து ஆகாது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், பெயர் தெரியாமல் வாங்குவதுதான் முதல் தவறு.

அடுத்தது, எல்லாக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்பது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. ஜலதோஷம், ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை. ஜலதோஷம் சில நாளில் தானே இறங்கிவிடும். மாத்திரை போட்டவரோ அதனால்தான் குணமானது என்று நம்பி, அடுத்த முறையும் அதையே கேட்பார். டெங்கு இன்னும் ஆபத்து. பொட்டலத்தில் ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை இருந்தால் ரத்தக்கசிவு கூடலாம். பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்று இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குழந்தைக்கு வயிறு போனாலும் முதலில் வேண்டியது ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல், அதோடு டாக்டரைக் கேட்டு சிங்க் (துத்தநாகம்) மருந்து. மலத்தில் ரத்தம் வந்தால் தாமதிக்காமல் காட்டவேண்டும். கேப்சூலைப் பிரித்துப் புண்ணில் தூவும் பழக்கத்தையும் விடவேண்டும். சோப்பும் சுத்தமான தண்ணீரும் போட்டுக் கழுவுவதே நல்லது.

மிச்சம் வைப்பதுதான் எங்கள் சனங்களிடம் ஊறிப்போன பழக்கம். டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதியிருப்பார், இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதி பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். எங்கள் சின்னம்மா வீட்டு டின்னைத் திறந்தால் யாருக்கு, எப்போது, எதற்கு வாங்கியது என்றே தெரியாத மாத்திரைகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருமல் என்றால் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பார், அவ்வளவு பாசம். "உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு" என்றும் சொல்வார். உண்மையில் பழகுவது உடம்பு அல்ல, கிருமி. அரைகுறை மருந்தில் வலுவில்லாத கிருமிகள் செத்துப்போகும், தாக்குப்பிடித்தவை பெருகும். அவை வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார்: யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் காலம் வந்தால், குறைந்த அளவு சாப்பிட்டுக் கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கொடுத்துவிடுவார்கள் என்று. 2019இல் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

காசநோயை இங்கே தனியாகச் சொல்லவேண்டும். மருந்துக்கு மசியாத காசநோய் அதிகமுள்ள நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் பர்மாவும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? கடை ஆன்டிபயாடிக் வேண்டாம், சளிப் பரிசோதனைக்குப் போங்கள். சில ஆன்டிபயாடிக்குகள் காசநோயை அரைகுறையாக அடக்கி, கண்டுபிடிப்பதையே தள்ளிப்போட்டுவிடும்.

டாக்டர் ஃபீஸ் கொடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற கஷ்டத்தில்தான் பலர் கடைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கடைக்கே போனாலும், ஒவ்வொரு மாத்திரையும் என்ன, எதற்கு என்று கேளுங்கள். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். நான் இப்போதெல்லாம் அட்டையை நறுக்கும் முன்பே வாங்கி, பெயர் உள்ள பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்கிறேன். கடைக்காரம்மாவும் என்னைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, அட்டையைத் திருப்பிக் காட்டுகிறார்.