விளம்பரம் வருமுன் வேலையைப் பிடிப்பது: கடலூர், புதுச்சேரிப் பக்கம் தேடுவோருக்கு

ஒரு கம்பெனி வேலை விளம்பரம் கொடுக்கிறதென்றால், உள்ளே இருப்பவர்களிடம் சொல்லிப் பார்த்து, பழைய ரெஸ்யூம்களைப் புரட்டி, ஆள் அமையாமல் போன பிறகுதான் பெரும்பாலும் கொடுக்கிறது. அந்த விளம்பரத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் பாய்வார்கள். ஆகவே தினம் 30 இடத்துக்கு ஒரே ரெஸ்யூமைத் தட்டிவிடுவதை நிறுத்துங்கள். 20 கம்பெனிகளைப் பொறுக்கி எடுத்து, ஆள் தேவைப்படப்போகும் அறிகுறியைக் கவனியுங்கள்.

பட்டியலை இடம் வாரியாகப் போடுவது நல்லது. கடலூரில் குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கத்து சிப்காட்டில் (தமிழக அரசின் தொழிற்பூங்கா) ரசாயனம், மருந்து மூலப்பொருள், சாயம். புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகள். ஓட்டல் வேலை என்றால் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதி. ஷிஃப்ட் முடிந்து இரவு 10 மணிக்கு வீடு திரும்ப பஸ் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சேர்ந்த மாதமே சிலர் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அறிகுறிகள். பி.எஃப். அலுவலகத்தின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் பகுதி இருக்கிறது, லாகின் தேவையில்லை. கம்பெனி பெயரைப் போட்டு, பணம் கட்டிய விவரத்தைத் திறந்தால், மாதவாரியாக எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். ஆறு மாதத்தை வரிசையாகப் பாருங்கள். எண்ணிக்கை ஏறினால் ஆள் எடுக்கிறார்கள். ஏறி இறங்கி ஆடினால், ஆள் நிற்காத இடமாக இருக்கலாம். வேலை எளிதில் கிடைக்கும், ஏன் நிற்பதில்லை என்று விசாரித்துவிட்டுப் போங்கள். எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலும் ஏமாறவேண்டாம்: காண்ட்ராக்ட் ஆட்கள் காண்ட்ராக்டரின் கணக்கில் இருப்பார்கள்.

இரண்டாவது, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளம். சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டால், என்ன பொருள், எவ்வளவு, எத்தனை பேருக்கு வேலை என்பதெல்லாம் அந்த விண்ணப்ப ஆவணத்தில் வந்துவிடும். ஆள் எடுப்பது அதற்குப் பல மாதம் கழித்துத்தான். வேலை தேடுகிறவர்களில் இதைத் திறந்து பார்ப்பவர் அரிது; அதுவே இதன் பலம்.

மூன்றாவது, அப்ரெண்டிஸ் (உதவித்தொகையோடு வேலை பழகுபவர்) சட்டம், 1961. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் வைத்தே ஆகவேண்டும். எனவே “வேலை காலி இருக்கிறதா?” என்று கேட்பதைவிட “இந்த ஆண்டு அப்ரெண்டிஸ் இடம் நிரம்பிவிட்டதா?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு வாசலிலேயே இல்லை என்பார்கள், இரண்டாவதற்கு எச்.ஆர். பதில் சொல்ல வாய்ப்பு அதிகம். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்கள் மத்திய அரசின் அப்ரெண்டிஸ் பயிற்சித் தளமான நாட்ஸில் (NATS) பதிய வேண்டும். ஓராண்டு வேலை அனுபவம் வந்துவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். ஆகவே கிடைத்த சின்ன வேலையில் ஒட்டிக்கொள்வதற்கு முன் இதை முயலுங்கள். நெய்வேலி என்.எல்.சி.யும் அப்ரெண்டிஸ் எடுக்கிறது. அறிவிப்பை அதன் சொந்தத் தளத்தில் மட்டும் நம்புங்கள். “உள்ளே ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடு” என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

தொடர்புகொள்ளும் செய்தி ஐந்து வரியைத் தாண்டக்கூடாது. கியூ.சி. (தரப் பரிசோதனை) வேலைக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். டைட்ரேஷன், பி.எச்., ஈரப்பதச் சோதனை தனியாகச் செய்வேன், எச்.பி.எல்.சி. கருவியைக் கல்லூரியில் பார்த்திருக்கிறேன், தனியாக இயக்கியதில்லை. வீடு சிப்காட்டிலிருந்து 6 கிலோமீட்டர், சொந்த வண்டி உண்டு, மூன்று ஷிஃப்டுக்கும் வரமுடியும். ட்ரெய்னி இடம் வந்தால் அழையுங்கள்.”

வீட்டு தூரமும் ஷிஃப்டும் இதில் சும்மா வரவில்லை. நைட் ஷிஃப்டுக்கு வராமல் நிற்கும் ஆள்தான் ஆலைக்குத் தலைவலி. “இயக்கியதில்லை” என்ற வரியும் இருக்கட்டும். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ரெஸ்யூம் ஒரு பக்கம், பி.டி.எஃப்., ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் வேலையும். “நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2” என்ற ஃபைலை எச்.ஆர். மறுபடி தேடி எடுக்கவே முடியாது. பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள்.

ஓட்டல் வேலைக்கு மெயிலைவிட நேரில் போவதே மேல். புதுச்சேரியில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை கூட்டம். அப்போது போனால் மேனேஜர் முகம்கூடத் திரும்பாது. செவ்வாய் அல்லது புதன், மதியச் சாப்பாடு ஓய்ந்த 3 முதல் 5 மணிக்குள் போங்கள். டிசம்பர் கூட்டத்துக்கான ஆட்களைச் செப்டம்பரிலேயே பிடித்துவைக்கப் பார்ப்பார்கள். ஃப்ரண்ட் ஆபீஸ் என்றால் பத்து வாக்கியம் பிரெஞ்சு பேசத் தெரிந்தாலும் கணக்கில் வரும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலை முகாம்களையும் தள்ளவேண்டாம். ஆனால் காலையிலேயே போய், வந்திருக்கும் கம்பெனிப் பட்டியலைப் பார்த்து, உங்களுக்குப் பொருந்தும் மூன்று மேசையில் மட்டும் நில்லுங்கள். எல்லா மேசையிலும் ரெஸ்யூம் வைத்துவிட்டு வருபவருக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் இன்சூரன்ஸ் விற்கத்தான். மேசையில் இருப்பவரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, அன்று மாலையே உங்கள் ஐந்து வரியை அனுப்பிவிடுங்கள்.