ஓட்டு வீட்டு மழையைப் போனில் பிடித்து வைப்பது எப்படி?

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுடையது நாட்டு ஓட்டு வீடு. 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயலில் கொல்லைத் தென்னை இரண்டு கூரைமேல் சாய்ந்ததோடு அது போனது. இப்போது அதே மனையில் தளம் போட்ட வீடு. நல்ல வீடுதான், ஒழுகாது. ஆனால் உள்ளே படுத்திருப்பவனுக்கு மழை பெய்கிறதா இல்லையா என்பதே ஜன்னலைத் திறந்தால்தான் தெரியும்.

பழைய வீட்டு மழை என்னிடம் 40 விநாடி இருக்கிறது. 2017 ஐப்பசியில், திருப்பூரில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். "ஊர்ல செம மழைக்கா" என்று நான் கத்துவதுதான் பெரிதாகக் கேட்கிறது. மழை எங்கேயோ பின்னால் கருவாடு வறுபடுகிற மாதிரி இருக்கிறது. ஓட்டு வீடோ கீற்றுக் கொட்டகையோ இன்னும் கையில் இருப்பவர்கள் இந்த வடகிழக்குப் பருவமழையிலேயே, டிசம்பர் முடிவதற்குள், உருப்படியாகப் பதிவு செய்துவிடுங்கள்.

வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அது பேச்சுக்காக ஏற்பட்டது, ஒலியைச் சுருக்கித் தள்ளிவிடும். போனில் உள்ள ரெக்கார்டர் செயலியில், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும், அதனால் முதலில் இடம் காலி பண்ணிக்கொள்ளுங்கள். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் லோன் வேண்டுமா என்று ஒருவர் கூப்பிடுவார், மழை பாதியில் அறுந்துவிடும்.

போனை எங்கே வைப்பது? மழையை நோக்கி நீட்டுவதில் பயனில்லை. மழை தானாகச் சத்தம் போடுவதில்லை, எதில் விழுகிறதோ அதுதான் போடுகிறது. ஓட்டுக்கு ஒன்று, மாட்டுக்கொட்டகைத் தகரத்துக்கு ஒன்று, வாழை இலைக்கு வேறொன்று. தாழ்வாரத்தில் சாரல் படாமல் நாலடி உள்ளே பெஞ்சைப் போட்டு, மடித்த துண்டின் மேல் போனை வையுங்கள். காற்று மைக்கில் மோதிப் படபடக்கும், அதற்கு மெல்லிய பருத்திக் கைக்குட்டை ஒரு சுற்று போதும். தேதியையும் ஊரையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பத்து நிமிடமாவது ஓடட்டும். இடி கிட்டத்தில் விழுந்தால் ஒலி உடையும், பரவாயில்லை. வீட்டில் யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுப்படியில் கரண்டி விழட்டும், தாத்தா இருமட்டும்.

ஒழுகுகிற இடம் இருந்தால் யோகம். அங்கே ஒரு பாத்திரத்தைக் காலியாக வைத்து, நிறைகிற வரைக்கும் பதிவு செய்யுங்கள். முதலில் 'டங் டங்' என்று உலோகம் பேசும். தண்ணீர் சேரச் சேர அது 'ப்ளக்' என்று மாறும். சொட்டு விழுந்த குழியில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் அதிர்கிறது, அந்தச் சத்தம்தான் அது. சிறு வயதில் இது தெரியாது. பாயில் படுத்தபடி, எந்தப் பாத்திரம் முதலில் ரொம்பும் என்று நானும் அக்காவும் பந்தயம் கட்டுவோம்.

அடுத்தது பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுவது. ஹெட்போன் மாட்டிவிடாதீர்கள், மிரள்வார்கள். சின்ன ஸ்பீக்கர் ஒன்றை பீரோவின் மேல் வைத்து, சத்தத்தைக் குறைத்துப் போடுங்கள். மழை மேலேயிருந்துதானே கேட்க வேண்டும்!

என் 40 விநாடியை அம்மாவிடம் அப்படித்தான் போட்டேன். என் கத்தலுக்கு நடுவே ஒரு 'டங்' வரும். "குண்டான் போலிருக்கு" என்றேன்.

"குண்டான் இல்லடா. அது அப்பாயி செம்பு. அண்டா, குண்டான் எல்லாம் ரொம்பிப் போயி, வைக்க வேற ஒண்ணும் இல்ல அன்னிக்கு."

சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. 77 நவம்பர் புயலுக்குப் போய்விட்டார். அப்போது அம்மாவுக்கு ஒன்பது வயது. கீற்று பிய்த்துக்கொண்டு போக, பத்தாயத்துக்கும் சுவருக்கும் நடுவில் பிள்ளைகளைத் திணித்து, தாத்தா ஈரச் சாக்கைப் போர்த்தி, விடியும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாராம். இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லாத கதை. போனில் பதிவை ஆன் பண்ணாமல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பதிவுக்காகத் திரும்பக் கேட்டபோது முந்தானையைச் சரிசெய்துகொண்டு மூன்றே வரியில் ஒப்பித்தார். "அதான் நேத்தே சொன்னேனே."

ஆகவே முதல் நாளே அனுமதி கேட்டு வைத்துக்கொண்டு, மழையைப் போடுவதற்கு முன்பே இன்னொரு போனில் பதிவைத் தொடங்கிவிடுங்கள். உறவுக்காரர்களுக்கு அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் கெடாது. 'ரெக்கார்டிங் 42' என்று விட்டுவைக்காமல் பெயர் கொடுங்கள். என்னுடையது இப்போது 'அப்பாயி செம்பு, 2017 ஐப்பசி'.