வானொலியில் அறிவியல்: கேட்டவரை மறந்து எழுதாதீர்கள்

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் நெருங்கினால் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகள் பேச்சுப்போட்டித் தாள்களை என்னிடம் திருத்தக் கொண்டுவருவார்கள். இந்த ஆண்டு இருவர், வானொலி மக்களிடம் அறிவியலைக் கொண்டுசேர்த்த கதையை எழுதியிருந்தார்கள். ஆசையாக எழுதிய தாள்கள். ஆனால் பெரியவர்களின் கட்டுரைகளில் நான் பார்க்கும் அதே பிழைகள் அவற்றிலும் இருந்தன.

ஜகதீஷ் சந்திர போஸிடமிருந்து தொடங்காதீர்கள். 1895இல் கல்கத்தாவில் அவர் கம்பியில்லாமல் மணியடித்துக் காட்டியது மகத்தான சோதனை. அது ஒலிபரப்பு அன்று. ஒருவர் பேச, முகமறியாத பலர் கேட்பதுதான் ஒலிபரப்பு.

1936இலிருந்தும் தொடங்காதீர்கள். அந்த ஆண்டு வந்தது 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர்தான். சென்னையில் ஆர்வலர்கள் 1924லேயே ஒலிபரப்பினார்கள். பம்பாய் நிலையம் 1927 ஜூலை 23இல் திறக்கப்பட்டது. பெங்களூரில் இருந்துகொண்டு மைசூரை விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை: உளவியல் பேராசிரியர் கோபாலசாமி 1935இல் தம் வீட்டிலேயே சிறு நிலையம் நடத்தினார். அதற்கு இட்ட பெயர்தான் ஆகாசவாணி.

சர் சி.வி. ராமன் வானொலியில் பாமரருக்குத் தமிழில் பேசினார் என்று ஒரு தாளில் இருந்தது. 1951இல் நூலாக வந்த அவருடைய வானொலி உரைகள் ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழர் என்பதால் தமிழில் பேசியிருப்பார் என்று நாமாக எழுதிவிடக் கூடாது.

இவையெல்லாம் ஒரு கோடு போட்டால் திருந்திவிடும். எனக்கு உண்மையில் வருத்தம் தருவது, பேசியவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கேட்டவர்களை ஒரே வரியில் முடிப்பது. 1956இல் புனே வட்டாரச் சிற்றூர்களில் யுனெஸ்கோ துணையுடன் ஒரு முயற்சி நடந்தது. உழவர்கள் குழுவாக உட்கார்ந்து மராத்தி நிகழ்ச்சியைக் கேட்டார்கள், முடிந்ததும் விவாதித்தார்கள், ஐயங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பினார்கள். வானொலிக்கும் அங்கே காது முளைத்தது.

நம் தஞ்சாவூரிலோ, 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் சொன்னது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆய்வு நிலையம் எண் கொடுத்த நெல்லுக்குக் கேட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள்! இதை விட்டுவிட்டு எப்படி இந்தக் கதையை எழுத முடியும்?

தாள் எழுதிய பெண்ணின் தாத்தா கும்பகோணம் பக்கம் நெல் பயிரிட்டவர். இரண்டாம் பக்கத்தை எழுதுவதற்கு முன் அவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.